நாற்காலி பழசில்லை என்று எழுதிக்கொடுத்த நாள்

1. தேசியச் சொத்து

"சார், ஒரு தேசியச் சொத்து கன்டெய்னர்ல ஏறப்போகுது. நீங்க அங்க உக்காந்து டீ குடிச்சிட்டு இருக்கீங்களா?" என்று மேலதிகாரி அம்மையார் போனில் கேட்டபோது நான் உண்மையிலேயே டீதான் குடித்துக்கொண்டிருந்தேன். மறுக்க வழியில்லை. சொத்து எது என்று மட்டும் கேட்டேன்.

"நாற்காலி" என்றார்.

நான் வேலை பார்த்தது பழம்பொருள்களைக் கவனிக்கும் ஓர் அரசு அலுவலகத்தில். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் விளக்கம் கேட்டு எழுதுவார்கள். பதில் எழுதும் வேலையை இப்போதுதான் விட்டிருக்கிறேன். நூறு வருடம் தாண்டிய பொருள் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்பது சட்டம். பார்வைக்குப் பழசாக இருக்கும் ஒரு புதுப்பொருள் வெளியே போக வேண்டுமென்றால், அது பழசில்லை என்று நாங்கள் எழுதிக்கொடுக்க வேண்டும். எங்கள் பேச்சில் நான்-ஆன்டிக் சர்டிபிகேட். மற்ற அலுவலகங்கள் இவர் இன்னார், இந்த நிலம் இன்னாருடையது என்று சான்று தரும். நாங்கள் மட்டும் இது இன்னது இல்லை என்று தருவோம். இதில் ஒரு வசதி உண்டு. ஒரு பொருள் என்ன என்று கண்டுபிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

வழக்கமாக வரும் விண்ணப்பங்கள் வெண்கல நடராஜர், கருங்கல் பிள்ளையார், கண்ணாடிப் படம். கடைக்காரர் போட்டோ அனுப்புவார். வெண்கலத்தில் வெல்டிங் தெரியும். பிள்ளையார் தும்பிக்கையில் மெஷின் கோடு தெரியும். பத்து நிமிட வேலை.

இந்த விண்ணப்பத்தில் ஆறு கைவைத்த நாற்காலிகள் இருந்தன. பிரெஞ்சு ராஜா காலத்து மாதிரி. முட்டை வடிவ முதுகு, மேலே செதுக்கிய பூக்கொத்து, வாழைத்தண்டில் வரி போட்டது போன்ற கால்கள், உடம்பு முழுக்கத் தங்கம். தங்கம் என்றால் பெயின்ட் இல்லை, மெல்லிசாக ஒட்டும் தங்க ரேக்கு. அதுவும் புதுத் தங்கம் இல்லை. கை வைக்கிற இடங்களில் தேய்ந்து, அடியில் இருக்கும் சிவப்பு லேசாக எட்டிப் பார்த்தது. கடைசிப் போட்டோ நாற்காலியைக் கவிழ்த்து எடுத்தது. உட்காரும் பலகையைத் தாங்கும் சட்டத்தின் அடியில் ஒரு முத்திரை: பி, ஏ, வி, ஏ, டி, இ. கடைசி இ-யின் தலையில் சாய்வாக ஒரு கோடு.

பாரிசில் அந்தக் காலத்து நாற்காலிக்காரர்கள் தங்கள் பெயரை இப்படித்தான் சட்டத்தின் அடியில் இரும்பு அச்சால் அடிப்பார்கள். மேலதிகாரி அம்மையார் இதை எங்கோ படித்திருந்தார். படித்த மேலதிகாரி இருந்தால் கீழே இருப்பவனுக்கு வேலை அதிகம்.

விண்ணப்பதாரர் பெயர் பா. ஏழுமலை. ஊர் வில்லியனூர், ஒரு காலத்தில் பிரெஞ்சிந்தியா.

2. கருத்துச் சொல்லக் கூடாதவன்

கனமான பொருளாக இருந்தால் அலுவலகத்துக்குக் கொண்டுவரச் சொல்லாமல் நாங்களே போய்ப் பார்க்கலாம். அதற்குத் தள ஆய்வு என்று பெயர். ஆய்வுக்குழுவில் ஒரு நிபுணர், ஓர் அதிகாரி, ஓர் உறுப்பினர்-செயலர். அதிகாரி வழக்கம்போல மருத்துவ விடுப்பு. நிபுணர் பேராசிரியர் நடராஜன், கலை வரலாறு படித்தவர், பிரான்சிலும் இருந்தவர். உறுப்பினர்-செயலர் நான்.

இந்த உறுப்பினர்-செயலர் பதவியைப் பற்றி இளைஞர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் உறுப்பினர், ஆனால் கருத்துச் சொல்லக் கூடாது. நிபுணர் சொல்வதை எழுத வேண்டும், விண்ணப்பதாரர் சொல்வதை எழுத வேண்டும், இருவரும் சொல்லாததை எழுதக் கூடாது. தானாக ஒரு கருத்தைச் சொல்லி அது அறிக்கையில் ஏறிவிட்டால் அந்த அறிக்கையே செல்லாது. பல வருடம் இந்தப் பதவியில் இருந்ததால்தான் வீட்டில் எனக்கு நல்ல பெயர்.

வில்லியனூர் போகும் வழியில், மூலக்குளத்தில், வழக்கம்போல ஒரு மணல் லாரியும் ஒரு கல்லூரி பஸ்சும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. எங்கள் ஜீப் நடுவில். பேராசிரியர் போட்டோவை மடியில் வைத்து, சின்ன லென்சால் அந்த முத்திரையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"பவாதே" என்றார். "பவாதே. கேள்விப்பட்டதே இல்ல சார். பாரிஸ் ஆளு லிஸ்ட்ல கிடையாது. அப்படின்னா என்ன அர்த்தம்?"

உறுப்பினர்-செயலருக்குக் கருத்து கிடையாது.

"இங்க வந்து வேலை பார்த்திருக்கான். கவர்னர் வீட்டுக்குச் செஞ்சிருக்கான். பிரெஞ்சிந்தியாவுல ஒரு மாஸ்டர் இருந்திருக்கான், அவனைப் பத்தி ஒருத்தரும் எழுதல."

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தேன். ஒரு மனிதர் தன் ஆயுளிலேயே பெரிய கட்டுரையை எழுதப்போகிறார் என்று தெரிந்தது. எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. நான் பாகூர் பக்கத்துக்காரன். பிரெஞ்சுக்காரன் காலத்துப் பத்திரங்களைப் படித்துப் பழகியவன். ஆனால் சந்தேகத்தை எழுத படிவத்தில் இடம் இல்லை. ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

3. பட்டறை

வில்லியனூர் தாண்டி ரயில்வே கேட்டுக்கு அந்தப்புறம், கரும்பு நட்டிருந்த நிலம் பிளாட்டாக மாறிய இடத்தில் தகரக் கொட்டகை போட்ட பட்டறை. வாசலில் இரும்பு கேட். உள்ளே இழைப்புச் சுருள் கணுக்கால் அளவு. நடுவில் பழைய போர்வைகள் மேல் ஆறு நாற்காலிகள். தகர ஓட்டை வழியே விழுந்த வெயிலில் அந்தக் கொட்டகைக்குள் அவை நின்ற விதத்தைப் பார்த்து நான்கூட ஒரு வணக்கம் போடலாமா என்று நினைத்தேன்.

ஏழுமலைக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். காதில் பென்சில், சட்டைப் பையில் இரண்டு போன். கும்பிட்ட கையை இறக்குவதற்குள் பேச்சை ஆரம்பித்துவிட்டார்.

"வாங்க சார், வாங்க. சாயங்காலம் லாரி வருது சார். நாளைக்கி மெட்ராஸ் ஹார்பர். பேப்பர் குடுத்தீங்கன்னா கட்டி ஏத்திடுவேன். இது என் சொந்த ஆர்டர் சார். இத்தினி நாளும் டவுன்ல முதலாளிங்களுக்குச் செஞ்சி குடுத்தேன், அவங்க அனுப்புவாங்க. இது அந்தம்மா நேரா எங்கிட்டயே கேட்டது. இது தவறிச்சின்னா அது மறுபடி என்னைத் தேடி வராது. பழையபடி முதலாளி வூட்டு வாசல்லதான் போய் நிக்கணும்."

அந்தம்மா என்பவர் பிரான்சில் பழைய பாணி வீடுகளுக்கு மரச்சாமான் வாங்கித் தருபவர். ஏழுமலை டவுனில் செய்த ஒரு நாற்காலியைப் பார்த்துவிட்டு, செய்த ஆளைத் தேடி வில்லியனூர் வரை வந்திருக்கிறார்.

பேராசிரியர் இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். யாரும் செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை.

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இணைப்புகளில் ஆணி இல்லை, திருகு இல்லை, மரமுளை. கையுளி வேலை. மக்கு என்ற வெள்ளை அடிப்பூச்சு, அதன்மேல் செம்மண் பூச்சு, அதன்மேல் தங்க ரேக்கு, கல்லால் தேய்த்த பளபளப்பு. பர்மா தேக்கு, வெட்டி நூறு வருடத்துக்கு மேல் ஆன மரம். கைகளின் நுனியில் தேய்மானம் இயற்கையானது, உப்புத்தாளால் தேய்த்ததல்ல; மனிதக் கை பட்டுப் பட்டுத் தேய்ந்தது. கடைசி நாற்காலியின் வலது கையின் அடிப்பக்கத்தில் வெள்ளைப் பூச்சு வெளியே தெரிகிறது. இது தங்கத்துக்கு அடியில் இருக்கும் மூல மக்கு.

"சார், இது புதுசா இருக்க வாய்ப்பே இல்ல" என்றார் எழுந்து நின்று. "எழுதிக்குங்க. இந்த ஆறும் நாட்டை விட்டுப் போகக் கூடாது."

ஏழுமலை சிரித்தார். பேராசிரியர் வேடிக்கை செய்கிறார் என்று நினைத்தார். பிறகு என் பேனா ஓடுவதைப் பார்த்தார்.

"இன்னா சார் எழுதுறீங்க? சார், நான் செஞ்சது சார் இது. இந்தக் கையால."

"மரம் நூறு வருஷத்துக்கு மேல ஆனதுப்பா" என்றார் பேராசிரியர்.

"மரம் பழசுதான். பாகூர்ல ஒரு பெரிய வூட்ட இடிச்சாங்க, அதோட உத்தரம். நான்தான் ஏலத்துல எடுத்தேன். புது மரம் வளைஞ்சிடும், அதான். மரத்துக்கு நூறு வருசம்னா நாற்காலிக்கும் நூறு வருசமா? அப்ப நான் கொள்ளுத் தாத்தா பனியன் துணில தலகாணி தச்சா தலகாணிக்கு நூறு வருசமா?"

கேள்வி நியாயமானது. சட்டம் மரத்தின் வயதைக் கேட்கிறதா, வேலையின் வயதைக் கேட்கிறதா என்பதில் எங்கள் அலுவலகத்தில் இரண்டு சுற்றறிக்கைகள் உண்டு, ஒன்றுக்கொன்று எதிர். நான் அந்தக் கேள்வியை மட்டும் எழுதி, பனியனை விட்டுவிட்டேன்.

"சரி, தேய்மானம்? இதை யார் தேய்ச்சா?"

"அஞ்சலக்கா தேய்ச்சிது" என்றார் ஏழுமலை.

4. அஞ்சலை

அஞ்சலை பக்கத்துத் தெருவில் இருப்பவர். காலையில் கடற்கரையிலிருந்து மீன் எடுத்துக்கொண்டு பஸ்சில் வந்து வில்லியனூர் மார்க்கெட்டில் விற்பவர். மதியம் வீட்டுக்குப் போகிற வழியில் பட்டறைக்கு வந்து டிவி பார்ப்பது வழக்கம். பட்டறையில் டிவி ஒரு மூலையில் ஆணியடித்து மாட்டியிருந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே காலிக் கூடையோடு உள்ளே வந்தார்.

"யக்கா, வா. இந்த ஐயா கிட்ட சொல்லு" என்றார் ஏழுமலை. "நாற்காலி பழசுன்றாரு."

"பழசா?" என்று அஞ்சலை கூடையை இறக்கினார். "கைய வெச்சி தேய்க்கச் சொன்னதே நீதானடா."

நடந்தது இதுதான். அந்த பிரான்ஸ் அம்மா, நாற்காலி உபயோகித்தது மாதிரி இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். உப்புத்தாள் போட்டால் தங்கம் திட்டுத் திட்டாகப் போய்விடும். கை வைத்தால்தான் கை வைத்தது மாதிரி தேயும் என்பது ஏழுமலையின் முடிவு. அதனால் ரேக்கு ஒட்டி முடித்ததும் ஆறு நாற்காலியையும் டிவி முன்னால் போட்டு, தெருப் பெண்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார். மழைக்காலம் முழுவதும் மதிய சீரியல்.

"கைய எடுக்கக் கூடாதுன்னான் சார்" என்றார் அஞ்சலை. "சீரியல்ல அந்த மாமியார்க்காரி வந்தா நாங்க எல்லாம் கைய இப்படிப் புடிச்சி முறுக்குவோம். அதுல தேஞ்சதுதான் பாதி."

பேராசிரியர் நம்பவில்லை. நம்புகிற ஆள் நிபுணராக முடியாது. "அப்போ வலது கைக்கு அடியில வெள்ளை? அதை எந்த மாமியார் பண்ணா?" என்றார்.

அஞ்சலை இடுப்பிலிருந்து வெற்றிலைப் பொட்டலத்தை எடுத்தார். ஒரு வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடித்து வாயில் போட்டார். பிறகு கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். விரலில் மிச்சமிருந்த சுண்ணாம்பை, பார்க்காமலே, நாற்காலியின் வலது கைக்கு அடியில் துடைத்தார். பேராசிரியர் மூல மக்கு என்று எழுதச் சொன்ன அதே இடம். அதே அகலம்.

"யக்கா" என்றார் ஏழுமலை அதிர்ந்து. "இத்தினி நாளா அங்கயா துடைச்ச?"

"பின்ன எங்க துடைக்கறது? தங்கத்து மேலயா?"

பேராசிரியர் குனிந்து, விரலால் தொட்டு, முகர்ந்து பார்த்தார். பிறகு சொன்னார்: "மூல மக்குன்றதை அடிச்சிடுங்க சார்."

அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன். திருத்தத்துக்குச் சுருக்கொப்பம் போடாவிட்டால் பிறகு தணிக்கைக்காரர் கேட்பார்.

5. இரண்டு கதவும் மூடியது

நாற்காலி புதுசு என்று ஆகிவிட்டது. ஏழுமலை டீ வாங்க ஆள் அனுப்பப் போனார்.

"இருப்பா" என்றார் பேராசிரியர். இப்போது அவர் குரல் வேறு. "புதுசுன்னா இன்னும் மோசம். அடியில இருக்கறது யார் முத்திரை? பவாதேன்னு ஒரு பிரெஞ்சு மாஸ்டர் பேரைப் போட்டு, மரம் பழசு, வேலை பழைய மாதிரி, தேய்மானம் பழைய மாதிரி. இதை அங்க யார் பார்த்தாலும் பழசுன்னுதான் வாங்குவாங்க. இது மோசடி."

ஏழுமலை, விஷயம் புரியாமல், தனக்கு உதவும் என்று நினைத்து உள்ளே போய் அந்த இரும்பு அச்சை எடுத்துவந்து காட்டினார். சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் அச்சு வெட்டும் கடையில் செய்தது. ஒரு மரத்துண்டில் வைத்துச் சுத்தியால் அடித்தார். அழகாக விழுந்தது. "பாருங்க சார், நானேதான் அடிச்சேன்."

குற்றவாளி தானே ஆயுதத்தைக் கொண்டுவந்து செய்முறை விளக்கமும் தந்தது என் பணிக்காலத்தில் அந்த ஒரு முறைதான்.

நிலைமை இப்போது இப்படி. பழசு என்றால் நாட்டை விட்டுப் போகக் கூடாது. புதுசு என்றால் போலி, அதற்கும் சான்றிதழ் இல்லை. மேலிடத்துக்கு எழுத வேண்டும். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு வருத்தம் என்று தெரிந்தது. ஒரு மாஸ்டரைக் கண்டுபிடித்து, ஒரு திருடனாக இழந்துவிட்டார்.

படிவத்தில் எட்டாவது இனம்: விண்ணப்பதாரர் கூற விரும்புவது ஏதேனும் இருப்பின். இதை யாரும் கேட்பதில்லை. 'ஒன்றுமில்லை' என்று நாங்களே எழுதிவிடுவோம். கேட்பதற்கு மட்டும் உறுப்பினர்-செயலருக்கு உரிமை உண்டு. கேட்டேன்.

"ஏழுமலை, இந்த முத்திரையில இருக்கற பவாதே யாரு?"

"யாரு பவாதே?"

"அடியில அடிச்சிருக்கீங்களே."

"சார், அது பாவாடை சார்" என்றார் ஏழுமலை. "எங்க நைனா. பின்னால படுத்துனு இருக்காரு."

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. பாவாடை என்றால் எங்கள் பக்கத்தில் ஆண் பிள்ளை பெயர். காவல் தெய்வம் பாவாடைராயன் பெயரை வைப்பது வழக்கம். பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயர் உள்ளவனை மற்றவர்கள் கேலி செய்வதும் வழக்கம். பிரெஞ்சுக்காரன் காலத்தில் பிறப்புப் பதிவு எழுதிய குமாஸ்தாக்கள் 'ஐ' ஓசையில் முடியும் பெயருக்கெல்லாம் கடைசியில் இ, அதன் தலையில் ஒரு கோடு என்று எழுதி வைத்தார்கள். ஏழுமலையே அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் எழுமலே ஆகியிருப்பார். எங்கள் ஊர்க் கிழவர்களில் பாதிப் பேர் காகிதத்தில் பிரெஞ்சுக்காரர்கள்தான்.

பிரான்ஸ் அம்மா, பழைய நாற்காலிகளில் செய்தவன் பெயர் அடியில் இருக்கும், உங்கள் பெயரையும் போடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். அப்பா இருக்கும்போது தன் பெயரைப் போடுவது ஏழுமலைக்குச் சரியாகப் படவில்லை. அப்பாவின் பிறப்புச் சீட்டில் இருந்த எழுத்தை அப்படியே அச்சு வெட்டக் கொடுத்துவிட்டார்.

பேராசிரியர் முத்திரையைப் பார்த்தார். உதடு அசைந்தது. "பா-வா-டை" என்று மெதுவாகப் படித்தார்.

6. பிரெஞ்சிந்தியாவின் மாஸ்டர்

பட்டறைக்குப் பின்னால் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த பாவாடை மேஸ்திரியை எழுப்பிக் கூட்டிவந்தார்கள். லுங்கி, வெறும் உடம்பு, தோளில் துண்டு. கரும்பு வெட்டும் குடும்பத்தில் பிறந்து, சின்ன வயதில் டவுனில் ஒரு மரப்பட்டறையில் சேர்ந்தவர். ஓய்வு பெறும்வரை அங்கேதான். பிரெஞ்சு நாற்காலி, சோபா, கண்ணாடிச் சட்டம் எல்லாம் அவர் கை. இப்போது கண் புரை விழுந்து உளி பிடிப்பதில்லை.

பேராசிரியர் எழுந்து நின்றார். தன் மாஸ்டரைப் பார்த்துக் கும்பிட்டார். "உங்களைப் பத்தித்தான் பேசிட்டு இருந்தோம்" என்றார்.

"என்னப் பத்தி இன்னா இருக்கு பேச? லாரி வந்துடுச்சா?"

ஏழுமலை தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். முத்திரை அடித்தது அப்பாவுக்கே தெரியாது. ஏற்றி அனுப்பியபின் சொல்லலாம் என்று இருந்திருக்கிறார். பெரியவர் கேட்டுக்கொண்டே வந்தார். எங்கே அடித்திருக்கிறாய் என்றார். ஏழுமலை அவர் கையைப் பிடித்து, சட்டத்தின் அடியில் கொண்டுபோய் வைத்தார். விரல் எழுத்துகள் மேல் ஓடியது.

"டேய்" என்றார் பெரியவர். "குந்துறவன் சூத்துக்கு அடியிலயாடா அப்பன் பேர வெச்ச?"

அஞ்சலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"பாரிசுல அங்கதான் வெப்பாங்களாம் நைனா."

"பாரிசுல வெப்பான். அவன் அப்பன் ஒத்துக்குவான். எடுத்துட்றா."

பேராசிரியரும் அதையேதான் விரும்பினார். எழுத்தை இழைத்து எடுத்துவிட்டால் போலி என்ற பேச்சே இல்லை. நாற்காலி புதுசு, முத்திரை இல்லை, சான்றிதழ் தயார். "அஞ்சு நிமிஷ வேலைப்பா, லாரி வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்" என்றார்.

ஏழுமலை அசையவில்லை. அதுவரை சளசளவென்று பேசிக்கொண்டிருந்த மனிதர் குரலைத் தாழ்த்தினார்.

"எடுக்க மாட்டேன் சார்."

"லாரி போயிடும்டா" என்றார் அப்பா.

"போவட்டும். டவுன்ல எத்தினி வூட்டுல நீ செஞ்ச நாற்காலி கீது, காட்டறாங்க, பிரான்சுலேர்ந்து வந்ததுன்னு. நானே கேட்டேன் நைனா, காதால. ஒண்ணுலயாவது உன் பேரு இருக்கா?"

"சம்பளம் வாங்கினேன்ல."

"வாங்கின. நான் இது முதல் தபா சொந்தமா அனுப்பறேன். உன் பேரு இல்லாம ஏத்த மாட்டேன். அந்தம்மா வாணான்னா வாணாம். முதலாளி கிட்டயே போறேன்."

வாசலில் லாரி ஹாரன் அடித்தது. டிரைவர் இறங்கி, ஆறு நாற்காலியையும் எங்களையும் பார்த்துவிட்டு, பேச்சு முடியாது என்று தெரிந்து பீடி பற்றவைத்தார்.

பெரியவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். புரை விழுந்த கண்ணில் தண்ணீர் எப்போதும் வரும் என்று பிறகு ஏழுமலை சொன்னார். அதை நான் எழுதிக்கொள்ளவில்லை.

அஞ்சலைதான் சொன்னார். "அதுக்கு ஏன்டா அடியில போடற? முதுகுல போடு. முதுகு மேல எவன் குந்துவான்?"

பெரியவர் நாற்காலியின் முதுகைத் தடவிப் பார்த்தார். பின்பக்கம், சுவர்ப்பக்கம் போகிற இடம் என்பதால் தங்கம் ஒட்டாத வெறும் தேக்கு.

"முதுகுன்னா பரவால்ல" என்றார்.

பேராசிரியர் சிரித்துவிட்டார். பட்டறைக்குள் வந்தபின் முதல் சிரிப்பு. "ஆனா அந்த அச்சு வேணாம். பிரெஞ்சு எழுத்துல போட்டா அங்கயும் என்னை மாதிரி ஒரு நடராஜன் வந்து நிப்பான். தமிழ்ல போடுங்க. பாரிஸ்ல எந்த ராஜா காலத்துலயும் தமிழ்ல பேர் போட்டவன் கிடையாது."

ஏழுமலை காதில் இருந்த பென்சிலை எடுத்து, முதல் நாற்காலியைத் திருப்பினார். மூன்றே எழுத்து. எழுதி, உளியை வைத்தார். நாற்காலிகளை லாரி டிரைவரும் அஞ்சலையும் கவிழ்த்துப் பிடித்துக்கொள்ள, பட்டறையில் வேலை பார்க்கும் இன்னொரு ஆசாரி அடியில் இருந்த முத்திரைகளை இழைத்து எடுத்தார்.

7. நிபந்தனை

நான் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன்.

இளைஞர்களுக்கு நான் சொல்ல நினைத்தது இந்த இடத்தில்தான் வருகிறது. படிவத்தில் பெரும்பாலான இனங்கள் மற்றவர்களுக்கு உரியவை. நிபுணர் சொல்வது, விண்ணப்பதாரர் சொல்வது, மேலதிகாரி நினைப்பது. கடைசியில் 'நிபந்தனைகள்' என்று ஒரு காலி இடம் இருக்கும். அது எழுதுபவனுடையது. பல வருடம் அதில் நான் 'இல்லை' என்று எழுதியிருக்கிறேன், எனக்குப் பிறகு வந்தவர்களும் அப்படியே எழுதுகிறார்கள். சட்டம் நமக்குக் கொடுக்கும் இடம் சின்னது; அதையும் 'இல்லை' என்று நாமே அடைத்துவிடுகிறோம்.

எனக்கு ஒரு கவலை. அந்தம்மா நல்லவராக இருக்கலாம். அவரிடம் வாங்குபவர், அந்த ஆளிடம் வாங்குபவர் எப்படியோ. ஒருவன் முதுகில் இருக்கும் மூன்றெழுத்தை இழைத்து எடுத்துவிட்டால் இந்த ஆறும் மறுபடி பவாதே காலத்துக்குப் போய்விடும். அஞ்சலையின் கை வேலை அவ்வளவு சுத்தம்.

அந்தக் காலி இடத்தில் இரண்டு வரி எழுதிப் பேராசிரியரிடம் காட்டினேன். படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாவது நாற்காலியில் வேலை நடந்துகொண்டிருந்தது. பெரியவர் சத்தத்தை வைத்து உளி எங்கே இருக்கிறது என்று கவனித்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பி, "இன்னா எழுதின சார்?" என்று கேட்டார்.

வாசித்துக் காட்டினேன். நாற்காலிகளின் முதுகில் செய்தவரின் தந்தை பெயர் பாவாடை என்று தமிழில் செதுக்கப்பட்டுள்ளது. அந்தப் பெயர் உள்ளவரை மட்டுமே இவை புதியவை என்ற இந்தச் சான்றிதழ் செல்லும்.

"அப்படின்னா?"

"உங்க பேர் இருந்தா நாற்காலி புதுசு. பேரை எவனாவது எடுத்தா பேப்பர் செல்லாது. வெச்சிருக்கறவன் கேஸ்ல மாட்டுவான்."

பெரியவர் மகன் இருந்த பக்கம் கழுத்தை நீட்டினார்.

"டேய் ஏழுமல, இன்னா கீறிக்கினு இருக்க? ஆழமா வெட்டு."